விதைப்பூண்டோடு தொங்கிய உயில்

அப்பா,

பட்டா வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"ஒங்கப்பாவுக்கு ஒரு காயிதம் போட்டுரு புள்ள, பட்டா கைக்கு வந்துருச்சுன்னு" என்று இன்று காலை அம்மா சொன்னாள். எந்த விலாசத்துக்குப் போடுவது என்று கேட்டேன். "நீ எழுது. விலாசத்த அவரு பாத்துக்குவாரு" என்று சொல்லிவிட்டுப் பூண்டு உதிர்க்க உட்கார்ந்துவிட்டாள். செத்துப்போனவருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறவளோடு காலங்காத்தாலே என்ன வழக்காடுவது?

அப்போதுதான் விதைப்பூண்டை இறக்கியிருந்தோம். அடுப்புக்கு மேலே மூங்கில் கழியில் மாதக்கணக்காகப் புகை குடித்துக் கறுத்துப்போன கொத்துகள். ஒன்றை அவிழ்த்ததும் புகையும் காரமும் கலந்த அந்த வாசம் நேராக உச்சந்தலைக்கு ஏறியது. நம் பள்ளங்கியில் எல்லார் வீட்டு அடுப்படியிலும் இதே வாசம்தான். ஆனால் போன வருஷத்திலிருந்து எனக்கு இந்த வாசம் வந்தாலே உங்கள் பத்திரம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. கையிலிருந்த கொத்து நழுவிக் கீழே விழுந்துவிட்டது. "என்னா, பாம்பா?" என்றாள் அம்மா. ஒரு வருஷமாகியும் என் அதிர்ச்சி இன்னும் தீரவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் போனதே ஓர் அதிர்ச்சிதான். முதல் நாள் வரைக்கும் ஒரு இருமல்கூட இல்லாத மனுஷர். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்ற வேண்டிய கேரட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்கார்கிறேன் என்று வரப்பில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். அம்மா இரண்டு தடவை ஏதோ கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. காலையில் குழம்பில் உப்பு கூடிவிட்டதாம், அந்தக் கோபம் என்று நினைத்துக்கொண்டாளாம். "கோவத்துல பேசாம இருக்காருன்னு நானும் பேசாம இருந்துட்டேனே" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

தம்பி பஸ் நிறுத்தத்தில் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்தான். நடுவில் உங்கள் படம், இரண்டு பக்கமும் ரோஜாப்பூ. கீழே மனைவி செல்லம்மாள், மகள், மகன் என்று எங்கள் பெயர்கள். அதில் ஒரு பெயர் தப்பு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நடவுக்கு நாளாகிறது என்று அம்மா எழுந்துவிட்டாள். "வெதப்பூண்ட நீயே எறக்கு. ஒன்னைய விட்டுத்தான் எறக்கச் சொல்லணும்னு அவரு சொல்லியிருக்காரு."

"எப்பச் சொன்னாரு?"

"சொன்னாரு. எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, அப்படின்னு சொன்னாரு. நான் வாயப் பொத்திட்டேன்."

நடுக்கொத்துக்குள்ளே உரச்சாக்கைக் கிழித்துச் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. கேரட் மூட்டைக்குப் போடுவீர்களே, யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு, அதேதான். அரிவாளால் அறுத்தேன். உள்ளே உயில். கொடைக்கானலில் முறையாகப் பதிவு செய்தது, மூன்று வருஷம் பழையது.

முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் பக்கத்தில் எந்த விவசாயி உயில் எழுதிவைத்துவிட்டுச் சாகிறார்? காரியம் முடிந்த கையோடு அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொள்வதைத்தான் பார்த்திருக்கிறேன். நம் நிலத்துக்கு இரண்டு பக்கமும் விடுதிகள் எழும்பிவிட்டன. உங்கள் காரியத்தன்றே சாப்பிட்டுக் கைகழுவின ஈரம் காய்வதற்குள் ஒரு தரகர் தம்பியின் தோளில் கை போட்டுத் தனியாகக் கூட்டிப்போனார். இதையெல்லாம் முன்பே யோசித்து எங்கப்பா ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அடுப்படியில் நின்றபடியே படித்தேன். நீங்கள் கூலிக்கு நின்ற தோட்டக்காரரிடமே துண்டு துண்டாக வாங்கிய ஒரு ஏக்கர் பத்து சென்ட், நாலு பக்கத்து எல்லைகள், அடுக்கடுக்காக நீங்கள் எழுப்பிய கல்கட்டு, மேலடுக்கில் ஊற்று, ஏழு பேரிக்காய் மரம். எல்லாம் வரிசையாக இருந்தது. அதற்குப் பிறகு இந்த வரி.

"மேற்படி சொத்து முழுவதையும் என் ஆயுசுக்குப் பின் என் மனைவி தங்கப்பொண்ணு அடைந்து ஆண்டு அனுபவித்து வர வேண்டியது. அவள் ஆயுசுக்குப் பின் என் மகளும் மகனும் சமமாய் அடைய வேண்டியது."

என் மனைவி தங்கப்பொண்ணு.

மறுபடி படித்தேன். மூன்றாவது தடவை விரல் வைத்துப் படித்தேன். அந்தப் பெயரில் ஒருத்தியை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு இரண்டடி பின்னால் உங்கள் மனைவி செல்லம்மாள் பூண்டு உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா புள்ள அது?"

"ஒரக்கடை ரசீதும்மா" என்றேன். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதில்லை.

அன்று மத்தியானமே ஏரிக்கரைக்குப் போய், சவாரிக்குக் காத்திருந்த தம்பியின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து காகிதத்தை நீட்டினேன். படித்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"யாருக்கா இது? அப்பாவுக்கு ரெண்டாவது குடும்பமா?"

"எனக்கென்ன தெரியும்?"

"அப்ப அம்மா எங்க போகும்? அந்தப் பொம்பள சாகுற வரைக்கும் நம்ம அம்மா வரப்புல நிக்கணுமா?"

எனக்கும் அதுதான் கவலை. நாற்பது வருஷம் அந்த அடுக்குகளுக்குத் தலையில் சாணிக்கூடை சுமந்தவள் அவள். அவள் பேரில் ஒரு சென்ட்கூட இல்லை. எவளோ ஒருத்தி நாளை வந்து வீட்டைக் காலி செய் என்றால் இந்த வயசில் அவள் எங்கே போவாள்? என் வீடு இருக்கிறது, தம்பி வீடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பிள்ளைகள் வீட்டு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுகிற பிறவி இல்லையே அவள்.

அப்போது ஒரு வார்த்தை சொன்னேன். "அந்த ஆளு செத்ததே நல்லதுடா" என்றேன். அந்த ஆள் என்றது உங்களை. சொன்னது நான்.

அதற்குப் பிறகு பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும் உங்கள் படத்துக்கு நான் விளக்கு வைக்கவில்லை. என் முறை வந்தபோது கடையில் வேலை என்று சொல்லிவிட்டு, சாக்லேட் கடையில் பில் போடுகிற என் நாற்காலியில் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒன்றும் கேட்காமல் தானே ஏற்றினாள். எனக்கு ஆத்திரம் இன்னும் கூடிற்று. எதையெடுத்தாலும் உங்கள் மேல் குற்றமாகத்தான் தெரிந்தது. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை பை நிறையப் பூண்டும் கேரட்டும் எடுத்துக்கொண்டு "தாண்டிக்குடில ஒரு சோலி இருக்கு" என்று போவீர்களே, அங்கே விவசாயிக்கு அப்படி என்ன சோலி? அம்மாவை ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்களா? "இந்தா", "புள்ள", இதை விட்டால் வேறு பேச்சு உண்டா? நாங்கள் கேலி செய்யும்போதெல்லாம் நீங்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள்.

பழனியில் நடந்தது அந்த நாட்களில்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. தைப்பூசக் கூட்டம். எனக்கு எட்டு வயசிருக்கும். மலையிறங்கி வந்தபோது அம்மாவைக் காணவில்லை. நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போலீஸ் பந்தலுக்கு ஓடினீர்கள். "பேரு சொல்லுங்க, மைக்குல கூப்பிடறோம்" என்றார் அங்கிருந்த போலீஸ்காரர். நீங்கள் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றீர்கள். "பொண்டாட்டி பேரக் கேட்டேன்யா" என்று அவர் அதட்டினார். அப்போதும் உங்கள் வாய் திறக்கவில்லை. நான்தான் "செல்லம்மா!" என்று கத்தினேன். மூன்று தரம் கூப்பிட்டார்கள். பள்ளங்கி செல்லம்மாள் எங்கிருந்தாலும் வரவும். யாரும் வரவில்லை. கடைசியில் நீங்களே கூட்டத்துக்குள் புகுந்து "இந்தா புள்ள! இந்தா புள்ள!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போனபோது, ஒலிபெருக்கி கட்டியிருந்த அதே கம்பத்தடியில் வளையல் கடையைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மா டக்கென்று திரும்பினாள்.

மலையேறுகிற பஸ்ஸில் நான் கேட்டேன், "ஏம்மா, மைக்குல கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. வேற யாரையோன்னு இருந்துட்டேன்."

பக்கத்து இருக்கைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். நீங்கள் இருவரும் சிரிக்கவில்லை. அது எனக்கு வெகுகாலம் கழித்து, அந்தப் பதினொரு நாளில்தான் உறைத்தது. மனசில் வேறு ஒருத்தியை வைத்திருக்கிற மனுஷருக்கு, கட்டியவள் தொலைந்துபோனால்கூடப் பெயர் வாயில் வராது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உயிலில் சாட்சி போட்டவர்களில் ஒருத்தியின் பெயர் பாக்கியம், விலாசம் தாண்டிக்குடியில் ஒரு காப்பித் தோட்டத்துக் குடியிருப்பு. கள்ளத்தனத்துக்குச் சாட்சி நின்றவளை முதலில் பிடிப்போம் என்று பண்ணைக்காடு வரை பஸ், அதற்கு மேல் ஜீப். வழியெல்லாம் என்னென்ன கேட்கவேண்டும் என்று வாய்க்குள்ளேயே சண்டை போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பாக்கியத்தின் வாசலில் சாக்குவிரிப்பில் காப்பிப்பழம் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணில் பூ விழுந்த ஒல்லிக் கிழவி அதைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டேன்.

"இங்க தங்கப்பொண்ணுங்கிறது யாரு?"

அவள் கை நின்றுவிட்டது. "அந்தப் பேர ஒனக்கு யாரு சொன்னா?"

"எங்கப்பா எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. வெளிய வரச் சொல்லுங்க அவளை. எங்கம்மாவ நடுத்தெருவுல நிறுத்துனவ மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

கிழவி எழுந்து கிட்டே வந்து, தெரிகிற கண்ணால் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ பள்ளங்கிக்காரரு மகளா?" என்றாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி மகளே! அது ஒங்காத்தா பேருடி."

எனக்குப் புரியவில்லை. நம்புங்கள் அப்பா, தமிழில்தான் சொன்னாள், ஒரு வார்த்தைகூட எனக்குள் இறங்கவில்லை. என்னைப் படியில் உட்காரவைத்துத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த பிறகுதான் அவள் பேசியது காதில் ஏற ஆரம்பித்தது.

சிலோன் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் முதல் மனைவி செல்லம்மா. இந்தியாவுக்குப் போக நீங்கள் இருவரும் எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காகக் காத்திருந்தீர்கள். கடதாசி வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. தோட்டத்து லயத்து வீட்டில் மூன்றே நாள் கிடந்து அவள் போய்விட்டாள். அவள் கூடப் பிறந்த தங்கச்சியைப் பெரியவர்கள் உங்களுக்குக் கட்டிவைத்தார்கள். கல்யாணமாகி நாலு மாசத்தில் கடதாசி வந்தது, கணவன் மனைவி இருவருக்கும் அனுமதி என்று. மனைவி பேர் செல்லம்மா.

"தோட்டத்துல ஒங்கப்பா பேர வெட்டிட்டாங்க, வேலையும் இல்ல. புதுசா எழுதிப் போட்டா இன்னும் எத்தன வருசமோ. ஏறுனா அந்தப் பேருல ஏறணும், இல்லாட்டி அவ அங்க, அவரு இங்க. அக்கா தங்கச்சி ரெண்டும் ஒரே அச்சு. போட்டோவுல யாருக்குத் தெரியப்போவுது? கப்பல்ல நான் அவ பின்னால நின்னேன். ஆபீசரு பேரு கேக்குறாரு, ஒங்காத்தா வாயத் தொறக்க மாட்டேங்குறா. நான்தான் முதுகுல ஒரு குத்து விட்டேன். 'செல்லம்மா'ன்னா. சொல்லிட்டு மண்டபம் முகாம் வர்ற வரைக்கும் அழுதுக்கிட்டே வந்தா."

"அப்பறமாச்சும் மாத்தியிருக்கலாம்ல?"

"யாருகிட்டப் போயி? கள்ளப் பேருல வந்தவன்னு திருப்பி ஏத்தி விட்டுட்டா? ஒங்கப்பாவுக்கு அந்தப் பயம் சாவுற வரைக்கும் இருந்துச்சு. இங்க வந்து அதப் பேசி ஆத்திக்கிட்டுப் போவாரு. வேற யாருகிட்டப் பேசுவாரு?"

ஜீப்பில் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நினைத்ததெல்லாம் ஒன்றுதான். என் பள்ளிச் சான்றிதழில் தாயார் பெயர் செல்லம்மாள். என் கல்யாணப் பத்திரிகையில் செல்லம்மாள். காகிதப்படி பார்த்தால், நான் பிறப்பதற்கு முன்பே கடல் தாண்டிப் புதைக்கப்பட்ட பெரியம்மாவுக்கு நான் மகள். பெற்றவள் பேர் எனக்கு இத்தனை வயசு வரை தெரியாது. வண்டியில் கூட இருந்தவர்கள் எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து ஜன்னலோரம் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. வாசலில் நின்றபடி மெதுவாக, "தங்கப்பொண்ணு" என்றேன்.

"என்னாங்க?" என்று திரும்பினாள்.

அந்த 'ங்க' எனக்கில்லை என்று அந்தக் கணமே புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்தது. ஊதாங்குழலை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள், "அவரு மட்டுந்தான் கூப்புடுவாரு. மேலடுக்குல, ஊத்துகிட்ட, அக்கம்பக்கம் ஆள் இல்லாதப்ப. ஒங்களுக்குக் கேட்டுறக் கூடாதுன்னு கீழ ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுத்தான் கூப்புடுவாரு."

பழனியில் நீங்கள் ஏன் கம்பம் மாதிரி நின்றீர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்று செத்தவள் பேர். மற்றொன்று சொல்லக் கூடாத பேர். அந்தப் போலீஸ்காரரிடம் எதைச் சொல்வீர்கள்?

இனி உங்கள் தப்புக்கு வருகிறேன். செய்வதையெல்லாம் திருத்தமாகச் செய்கிற மனுஷர் உயிலில் இப்படி ஒரு தப்பு செய்வீர்கள் என்று யார் கண்டது? ரேஷன் அட்டை, ஆதார், ஓட்டு அட்டை, பாஸ்புத்தகம் எல்லாமே செல்லம்மாள். உயில் மட்டும் தங்கப்பொண்ணு. கொடைக்கானலில் அதை எழுதிக்கொடுத்தவரைத் தேடிப்பிடித்து நானும் தம்பியும் சண்டைக்கே போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேம்மா, ரெண்டு பேரையும் போட்டுருவோம், பின்னால சிக்கலாகும்னு. கேக்கல அவரு. 'செத்தவ பேர எம் பொண்டாட்டி தலையில இன்னமும் ஏத்தாதீங்க. இதுலயாச்சும் அவ அவளா இருக்கட்டும்'னாரு. நான் என்ன பண்ண முடியும்?"

அப்பா, கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு. வாழ்நாளெல்லாம் பாடுபட்டுச் சேர்த்த நிலத்தை, எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒருத்திக்கு எழுதிவைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விட்டீர்கள்.

தம்பி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான், "உயில அடுப்புல போட்ருவோம்க்கா. வாரிசு சான்று செல்லம்மா பேருல வாங்கிட்டா மூணு பேருக்கும் வந்துரும். அம்மா பங்க நம்ம பேருக்கு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுது. எதுக்கு வம்பு? எவனாவது தோண்டி எடுத்து, அம்மாவச் சிலோனுக்கே திரும்பிப் போகச் சொல்லிட்டா?" அவன் சொன்னதில் பேராசை இல்லை, உங்கள் பயம்தான் அவனுக்கும் ஒட்டியிருந்தது. எனக்கும் அதுவே சரி என்று பட்டது. தரகர் வந்து நின்றால் இவன் பங்கு என்னவாகும் என்று ஒரு யோசனை ஓடியது, அதையும் அடக்கிக்கொண்டேன்.

அம்மா முடியாது என்றாள்.

எதற்குமே முடியாது என்று சொல்லிக் கேட்டிராத வாய் அது. "நாப்பது வருசமா அக்கா பேருல அரிசி வாங்குனேன். அக்கா பேருல ஓட்டுப் போட்டேன். ஆசுபத்திரியில அக்கா பேரச் சொல்லித்தான் ஒங்க ரெண்டு பேரையும் பெத்தேன். எம் பேருல ஒண்ணே ஒண்ணு வந்திருக்கு. அத எரிக்கணுமா?" என்றாள்.

பட்டா மாற்றத் தாலுகா ஆபீசுக்குப் போகுமுன், நாங்கள் பிடித்த வக்கீல் அம்மாவுக்குப் பாடம் நடத்தினார். தங்கப்பொண்ணு என்பது வீட்டில் கூப்பிடுகிற பேர், செல்லம்மாள் என்பது பதிவுப் பேர், இரண்டும் ஒருத்திதான். கேட்டால் "ஆமா" என்று மட்டும் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் பேசக் கூடாது. பாக்கியம் அத்தை வெள்ளனே முதல் பஸ்ஸில் சாட்சிக்கு வந்து இறங்கினார். அம்மா வழியெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

அதிகாரி ஒரு பெண். உயிலைக் கையில் வாங்கியதும் மூக்கைச் சுளித்தார். "என்னம்மா, பூண்டு வாசம் இந்த அடி அடிக்குது?" என்று கேட்டுவிட்டு, ஆதாரையும் உயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒரே ஆளாம்மா?"

"இல்லீங்க" என்றாள் அம்மா.

தம்பி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பாக்கியம் அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"தங்கப்பொண்ணு நான். செல்லம்மா எங்கக்கா. அவ செத்துப் போயிட்டா. அவ பேர நான் வச்சிருந்தேன்" என்று அம்மா நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஆபீசருகிட்டப் பொய் சொன்னது ஒரு தடவ போதும் தாயி. மறுபடியும் என்னால ஆவாது."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டார். எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். அந்த நேரத்தில் நான் மனசுக்குள் உங்களைத் திட்டிய திட்டு உங்களுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"இவரோட இத்தன வருசம் குடும்பம் நடத்துனது யாரும்மா?" என்று கேட்டார்.

"நாந்தான்."

"இந்தப் பிள்ளைகளைப் பெத்தது?"

"நாந்தான்."

"இந்த ஆதார்ல இருக்கிற மூஞ்சி?"

"எம் மூஞ்சிதான் தாயி."

"நான் கேட்டது அவ்வளவுதான். ஒரே ஆளு" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்து எழுதினார். பிறகு காகிதத்தைத் திருப்பி வைத்தார். "கையெழுத்தா, கைநாட்டா?"

செல்லம்மாள் என்று கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட நீங்கள் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆறு எழுத்துப் போட ஆறு நிமிஷம் ஆகும் அவளுக்கு. அன்றைக்குப் பேனாவை வாங்கி, குனிந்து, தங்கப்பொண்ணு என்று ஒரே வீச்சில் எழுதினாள். உருட்டி உருட்டி, வரிசை பிசகாமல். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தாளாம். அது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. அக்கா படிக்காதவள் என்பதால் இவளும் படிக்காதவளாகவே இருந்திருக்கிறாள்.

பிறகும் ஊரில் விசாரணை, அறிவிப்பு, அலைச்சல் என்று மாசங்கள் போயின. போன வாரம் பட்டா வந்தது. பெயர் இப்படி இருக்கிறது: தங்கப்பொண்ணு என்கிற செல்லம்மாள். நீங்கள் வேண்டாம் என்று அடம் பிடித்தது கடைசியில் அரசாங்க முத்திரையோடு வந்துவிட்டது. உங்களுக்காக எனக்குக் கோபம் வந்தது. திருத்தச் சொல்லி மனு போடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

அவள் அந்த இரண்டாவது பேரை விரலால் தடவிப் பார்த்தாள். "இருக்கட்டும் புள்ள. அங்க அவ குழிக்கு அடையாளங்கூட இல்ல. தேயில போட்டுட்டாங்க. இங்கயாச்சும் அக்காவுக்கு ஒரு எடம் இருக்கட்டும்."

நேற்று உங்கள் வருஷத் திவசத்துக்கு அம்மா இரண்டு இலை போட்டாள். இரண்டாவது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. தம்பி இரண்டுக்கும் தண்ணீர் சுற்றினான். பஸ் நிறுத்தத்தில் புது ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறான், மனைவி தங்கப்பொண்ணு என்று போட்டு. நேற்றிலிருந்து ஊரே விசாரிக்கிறது. "ஏலே, ஒங்கப்பாவுக்கு ரெண்டு பொண்டாட்டியாலே?" என்று பால்காரர் அவனைப் பிடித்துக்கொண்டார். "ஆமாண்ணே, ரெண்டு பேருதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தானாம். ஏரிக்கரையில் அன்றைக்கு அவன் கேட்டது சரியாகத்தான் போயிற்று.

நிலத்தை அம்மா விற்க மாட்டாள். தரகர் மறுபடி வந்தபோது, ஊற்று மேட்டில் நின்றுகொண்டு, "பட்டாக்காரி நாந்தான், எங்கிட்டப் பேசுங்க" என்றாள். அவர் அவள் குரலைக் கேட்டே பாதி வழியில் திரும்பிவிட்டார். நாளை மேலடுக்கில் பூண்டு நடவு. உயிலும் பட்டாவும் அதே உரச்சாக்குத் துணியில் சுற்றி அதே கழியில் தொங்குகின்றன. உங்கள் முடிச்சு எனக்குப் போட வரவில்லை, சாதாரண முடிச்சுதான் போட்டிருக்கிறேன்.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது என்ன என்று யோசிக்கிறேன். நிலம் ஒருநாள் பாதி வரும். அதற்கு முன்பே அந்தப் பதினொரு நாள் என்னிடம் வந்துவிட்டது. தம்பி மறந்திருப்பான். விளக்கு வைக்காமல் போன நாட்களை அம்மா ஏற்றிச் சரிசெய்துவிட்டாள். ஆனால் அந்த ஆளு செத்ததே நல்லது என்று சொன்னது இந்த வாய். வேறு யார் பேரிலும் அதை மாற்ற முடியாது.

இதுவரை எழுதிவிட்டு மடிக்கப்போனேன். "எங்க, கொண்டா" என்று அம்மா கையை நீட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. பூண்டுத்தோல் ஒட்டின விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். எந்த இடத்தில் விரல் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நின்றது. அடுப்பு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் தரையைப் பார்த்தபடி இருந்தேன்.

"நானா இருந்தா இன்னும் கூடவே பேசியிருப்பேன்" என்றாள். தானும் அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேனாவைக் கேட்டாள். எந்தப் பேரைப் போடப்போகிறாய் என்று கேட்டேன்.

"இதென்ன கேள்வி? அவரு என்னையக் கூப்புடுற பேரத்தான்."

எழுதினாள். பிறகு உங்களைப்போலவே ஒரு தடவை எட்டி வெளியே பார்த்தாள், யாராவது நிற்கிறார்களா என்று. பார்த்துவிட்டுத் தானே சிரித்துக்கொண்டாள்.

இப்படிக்கு, உங்கள் மகள்.

தங்கப்பொண்ணு.